பால்கனில புறா, மொட்டை மாடில காக்கா: புறநகர் அபார்ட்மெண்ட்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மேடவாக்கம், பள்ளிக்கரணை, போரூர், தாம்பரம்னு எந்தப் பக்கம் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் மூணு சண்டை கண்டிப்பா ஓடிக்கிட்டு இருக்கும், பார்க்கிங், மெயின்டனன்ஸ் பாக்கி, புறா. முதல் ரெண்டுக்கும் என்கிட்ட வழி இல்ல. மூணாவதுக்கு இருக்கு, ஆனா கை தட்டி விரட்டுறது, பட்டாசு வெடிக்கிறது, பழைய சிடி கட்டித் தொங்க விடுறது இதெல்லாம் அதுல கிடையாது. பறவை உங்க வீட்டுக்கு வர்றதுக்கு ரெண்டே காரணம்தான், உக்காரவோ கூடு கட்டவோ இடம் இருக்கு, பக்கத்துல சாப்பாடு கிடைக்குது. இந்த ரெண்டையும் சரியான நேரத்துல மூடினா அதுவா வேற இடம் பாத்துட்டுப் போயிரும். நேரம் தப்பினா செஞ்ச செலவு தண்டம், கூடவே பாவமும் சேரும்.

முதல்ல ரெண்டு நாள் சும்மா கவனிங்க

உடனே வலை போடுறவருக்கு போன் அடிக்காதீங்க. காலைல ஆறு ஆறரைக்கு ஒரு தடவை, சாயங்காலம் இருட்டுற நேரத்துல ஒரு தடவை, டீ கிளாஸோட நின்னு எந்தப் பறவை எங்க உக்காருதுன்னு பாருங்க. பகல்ல மட்டும் வந்து கம்பில உக்காந்துட்டுப் போற புறா ஒரு ரகம், ராத்திரி அங்கேயே தங்குற புறா இன்னொரு ரகம், வாயில சுள்ளி, விளக்குமாத்துக் குச்சி, கட்டுக் கம்பித் துண்டுன்னு எதையாவது கவ்விக்கிட்டு திரும்பத் திரும்ப ஒரே மூலைக்குப் போறது மூணாவது ரகம். மூணாவதுதான் அவசரம், அது கூடு கட்ட ஆரம்பிச்சாச்சு.

நம்ம ஊர்ல தொல்லை பண்ற சாம்பல் புறா, மாடப்புறான்னு சொல்லுவோமே அது, காட்டுல இருந்தா மரத்துல கூடு கட்டாது, மலைப் பாறை இடுக்குலதான் கட்டும். நாம என்ன பண்ணியிருக்கோம்னா பத்து மாடிக்குப் பாறை மாதிரியே ஒண்ணு எழுப்பி, ஒவ்வொரு மாடிக்கும் சன்ஷேட், ஏசி அவுட்டோர் வைக்கிற ஸ்லாப், பைப் போற டக்ட்னு இடுக்கு இடுக்கா வெச்சுக் கொடுத்திருக்கோம். பூனை ஏற முடியாது, மழை படாது, ஆள் யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. புறா கண்ணுக்கு இது பிரீமியம் கேட்டட் கம்யூனிட்டி.

நீங்க பாக்க வேண்டிய இடங்கள் என்னன்னா, ஏசி அவுட்டோருக்கும் சுவருக்கும் நடுவுல இருக்குற சந்து (பத்துல எட்டு வீட்ல கூடு அங்கதான்), யூட்டிலிட்டி பால்கனில வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி, யாரும் திறக்காத ஜன்னலோட வெளிப்பக்கம், பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, மொட்டை மாடில சோலார் பேனலுக்கு அடியில, லிஃப்ட் மெஷின் ரூம், தண்ணி டேங்குக்குக் கீழ. பூட்டிக் கிடக்குற ஃபிளாட்டையும் சேத்துக்கோங்க, ஓனர் துபாய்லயோ அமெரிக்காவுலயோ இருப்பார், அவர் பால்கனிதான் மொத்த பிளாக்குக்கும் பிரசவ ஆஸ்பத்திரி.

முட்டை இருக்கா குஞ்சு இருக்கா, அதுதான் தேதியை முடிவு பண்ணும்

புறா ஒரு தடவைக்கு ரெண்டு முட்டை வைக்கும். பொரியறதுக்கு ஏறக்குறைய 18 நாள், பொரிச்ச குஞ்சு பறந்து போக இன்னும் நாலஞ்சு வாரம், ஆக மொத்தம் ஒன்றரை மாசத்துக்கு மேல ஆகும். நம்ம வெயில் ஊர்ல அதுக்கு சீசன்னு ஒண்ணு பெருசா கிடையாது, வருஷம் பூரா வைக்கும், சாப்பாடு நிறைய கிடைச்சா முதல் குஞ்சுங்க பறக்குறதுக்கு முன்னாடியே அடுத்த முட்டையும் வெச்சிரும். சேவலும் பெட்டையும் மாத்தி மாத்தி அடை காக்கும், பகல் நேரத்துல பெரும்பாலும் சேவல், மத்த நேரம் பெட்டை, அதனால "எப்பப் பாத்தாலும் அதே புறா அங்கேயே உக்காந்திருக்கு"ன்னு உங்களுக்குத் தோணும், உண்மைல அது ரெண்டு.

வெறும் நாலு குச்சி மட்டும் கிடந்தா அன்னிக்கே எடுத்துப் போட்டுருங்க, மறுநாள் திரும்ப வைக்கும், திரும்ப எடுங்க, இதுல கூச்சமே வேண்டாம். இந்தக் கட்டத்துல ஒரு வாரம் விடாப்பிடியா நின்னீங்கன்னா பாதிப் பிரச்சினை செலவில்லாம முடிஞ்சிரும்.

முட்டை வெச்சாச்சுன்னா என் கருத்து, காலண்டர்ல தேதி குறிச்சுக்கிட்டு குஞ்சு பறக்குற வரைக்கும் விட்டுருங்க. முட்டையை எடுத்துக் கீழ போடுறவங்க இருக்காங்க, கேட்டா "வேற வழியில்ல"ம்பாங்க. மனசாட்சியை விடுங்க, கணக்குப்படி பாத்தாலும் அதுல லாபமில்ல, இடம் திறந்தே இருக்குறதால அதே ஜோடி கொஞ்ச நாள்லயே அதே மூலைல திரும்ப முட்டை வைக்கும். குஞ்சு இருக்கும்போது வலை கட்டிட்டா அதைவிட மோசம், தாய்ப்புறா வெளிய நின்னு முட்டும், குஞ்சு உள்ள பட்டினில செத்து நாறும், அந்த நாத்தத்தோட நீங்கதான் படுத்துத் தூங்கணும்.

காத்திருக்குற நாள்ல சும்மா இருக்க வேண்டாம், கூட்டுக்குக் கீழ ஒரு பழைய பிளக்ஸ் பேனரையோ அட்டையையோ விரிச்சு வைங்க, எச்சம் தரைல ஒட்டாது. வலைக்காரங்ககிட்ட கொட்டேஷன் வாங்குறது, அசோசியேஷன்ல பேசுறதெல்லாம் இந்த நேரத்துல பண்ணலாம். குஞ்சு பறந்த அன்னிக்கு, அன்னிக்கேதான், கூட்டை எடுத்துச் சுத்தம் பண்ணி அடைச்சிரணும். "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்"னு விட்டா ஞாயித்துக்கிழமை ரெண்டு முட்டை இருக்கும்.

எச்சத்தைச் சுத்தம் பண்றது, இதைத் தயவுசெஞ்சு முழுசா படிங்க

காஞ்ச புறா எச்சத்தைத் துடைப்பத்தால வறட் வறட்னு பெருக்குறதுதான் ஊர்ல எல்லாரும் செய்றது, அதைவிட ஆபத்தான வேலை இதுல வேற இல்ல. காஞ்ச எச்சம் தூளாகி காத்துல பறக்கும், அதுல கிரிப்டோகாக்கஸ் மாதிரி பூஞ்சைங்க இருக்கலாம், கிருமியே இல்லாட்டியும் அந்த எச்சத் தூளும் இறக்கைல இருந்து உதிர்ற பவுடரும் வருஷக்கணக்குல மூச்சுல போனா சிலருக்கு ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ்னு ஒரு நுரையீரல் பிரச்சினை வருது. வறட்டு இருமல், மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குறது, அப்பப்ப காய்ச்சல், ஆள் மெலியறது, இதை ரொம்ப நாள் ஆஸ்துமா, சளின்னு நினைச்சு இழுத்துக்கிட்டே இருப்பாங்க. நுரையீரல்ல தழும்பு விழுந்துட்டா அது திரும்ப சரியாகாது. அதனால வீட்ல யாருக்காவது விடாம இருமல்னா டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடியே "எங்க பால்கனில புறா இருக்கு டாக்டர்"னு நீங்களே சொல்லிருங்க. எல்லாருக்கும் வந்துரும்னு பயமுறுத்தல, நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகுறதில்ல, ஆனா யாருக்கு வரும்னு முன்கூட்டியே தெரியாதே.

சரி, எப்படிச் செய்றது. ஆஸ்துமா இருக்குறவங்க, கர்ப்பமா இருக்குறவங்க, கீமோ எடுக்குறவங்க, சின்னப் பசங்க இவங்க யாரும் பக்கத்துல வர வேண்டாம், வீட்டு வேலை செய்ற அக்காகிட்ட வெறும் கையோட துடைப்பத்தைக் குடுத்து அனுப்பவும் வேண்டாம், அவங்க நுரையீரலும் நுரையீரல்தான். என்95 மாஸ்க் போடுங்க, துணி மாஸ்க், கைக்குட்டை எல்லாம் இதுக்குப் பத்தாது. ரப்பர் கிளவுஸ், பழைய சட்டை, முடிஞ்சா கண்ணாடி. பால்கனிக் கதவையும் பக்கத்து ஜன்னலையும் சாத்திக்கோங்க, ஏசி அவுட்டோர் பக்கத்துல வேலைன்னா கரண்ட் போர்டுல அதோட எம்சிபி சுவிட்சை இறக்கிருங்க.

ஒரு பக்கெட் தண்ணில கொஞ்சம் சோப்புத்தூள் கலந்து ஸ்பிரே பாட்டில்லயோ பூவாளிலயோ மெதுவா நனைங்க, ஹோஸ் வெச்சு வேகமா அடிச்சா அதுவே தூளைக் கிளப்பிரும். பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஊறட்டும், கெட்டியா இருந்தா இன்னொரு தடவை நனைங்க. அப்புறம் பழைய முறத்தாலயோ பிளாஸ்டிக் ஸ்கிரேப்பராலயோ ஈரத்தோட வழிச்சு ஒரு கவர்ல போட்டுக் கட்டி, அதை இன்னொரு கவர்ல போட்டுக் கட்டுங்க. வாக்குவம் கிளீனர் மட்டும் கூடவே கூடாது, பின்னாடி வழியா எல்லாத் தூளையும் ரூம்ல ஊதிவிட்டுரும். வழிச்ச இடத்தை பிளீச் கலந்த தண்ணில, ஒரு பங்கு பிளீச்சுக்கு பத்துப் பங்கு தண்ணி, துடைச்சு விடுங்க. இங்க ஒரு முக்கியமான எச்சரிக்கை, கறை போகலைன்னு பிளீச் போட்ட இடத்துலயே பாத்ரூம் ஆசிட்டை ஊத்திராதீங்க, ரெண்டும் சேந்தா குளோரின் வாயு வரும், பால்கனி மாதிரி சின்ன இடத்துல அது ஆளையே சாய்ச்சிரும். முடிச்சதும் துணியைத் தனியாத் துவைச்சுக் குளிச்சிருங்க.

கூட்டை எடுத்த பிறகு ரூம்ல சின்னச் சின்னப் பூச்சி ஊர்றது, உடம்பு அரிக்குறது இருந்தா அது புறாச் செள்ளு. பறவை போனதும் அது சாப்பாட்டுக்கு ஆள் தேடி உள்ள வரும். கூடு இருந்த இடத்தையும் அதை ஒட்டின ஜன்னல் ஃபிரேமையும் திரும்ப ஒரு தடவை நல்லா கழுவுங்க, அதுக்கும் அடங்கலைன்னா பெஸ்ட் கண்ட்ரோல்காரங்களைக் கூப்பிடுறதுதான் வழி.

சாப்பாட்டை நிறுத்துறது, அதாவது மனுஷங்களோட பேசுறது

வேலைலயே கஷ்டமான பகுதி இதுதான். நீங்க எத்தனை வலை போட்டாலும் எதிர் பிளாக்ல ஒருத்தர் தினமும் காலைல ஒரு படி அரிசியை மொட்டை மாடில கொட்டினா கூட்டம் குறையவே குறையாது.

சுவிட்சர்லாந்துல பாசல்னு ஒரு ஊர், அங்க 1961ல இருந்து 1985 வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் புறாவைப் பிடிச்சும் சுட்டும் கொன்னாங்க, ஊர்ல இருக்குற புறா எண்ணிக்கை என்னவோ 20,000 பக்கத்துலயே அசையாம நின்னுச்சு, செத்ததோட இடத்தைப் புதுக் குஞ்சுங்க வந்து நிரப்பிக்கிட்டே இருந்துச்சு. 1988ல வழியை மாத்தி, தீனி போடாதீங்கன்னு ஜனங்ககிட்ட பிரச்சாரம் பண்ணி, கண்காணிப்புல கொஞ்சம் புறாக்கூண்டும் வெச்சாங்க, நாலஞ்சு வருஷத்துல எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாச்சு. நம்ம நாட்டுலயும் 2025 ஜூலைல மகாராஷ்டிரா அரசு மும்பைல இருக்குற 51 கபூதர்கானாவை, அதாவது புறாவுக்குத் தீனி போடுற பொது இடங்களை, மூடச் சொல்லி, விஷயம் பாம்பே ஹைகோர்ட் வரைக்கும் போச்சு, தாதர்ல பெரிய ரகளையே ஆச்சு. அதாவது இது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம், நோட்டீஸ் ஒட்டி மிரட்டினா எதிர்ப்புதான் வரும்.

தீனி போடுறவங்க கெட்டவங்க இல்ல. பெரும்பாலும் ரிட்டயர்ட் ஆனவங்க, பசங்க வெளிநாட்டுல, காலைல அந்த அரை மணி நேரம் பறவைங்களோட இருக்குறதுதான் அவங்களுக்கு சந்தோஷம். குரூப்ல பொதுவா மெசேஜ் போட்டுக் குத்திக் காட்டாதீங்க, நேர்ல போய் உக்காந்து பேசுங்க. "அங்கிள், போடாதீங்கன்னு சொல்ல வரல, மூணாவது மாடி பாப்பாவுக்கு வீசிங் இருக்கு, எச்சமெல்லாம் அவங்க ஜன்னல்லதான் விழுது, வாங்களேன் ஒரு தடவை வந்து பாருங்க"ன்னு அந்த ஜன்னலைக் காட்டினா முக்கால்வாசி பேர் மனசு இளகிருவாங்க. அதோட விடாம அந்தப் புண்ணியத்துக்கு வேற ஒரு வழியும் சொல்லுங்க, கீழ தோட்டத்துல தண்ணித் தொட்டி வைக்கிறது, தெரு நாய்க்குச் சாப்பாடு, பக்கத்து கோசாலை, எதுவோ ஒண்ணு. எதையும் கேக்காதவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இருக்கத்தான் செய்வாங்க, அவங்களுக்கு மட்டும் அசோசியேஷன் பொதுக்குழுவுல தீர்மானம் போட்டு எழுத்துல குடுங்க.

கூடவே சின்னச் சின்ன ஓட்டைங்க. குப்பைத் தொட்டிக்கு மூடி, மாடில வடாம் மிளகாய் காயப் போட்டா மேல ஒரு மெல்லிசு வலைத் துணி, ஏசில இருந்து சொட்டுற தண்ணிக்கு பைப் போட்டு கீழ இறக்கி விடுறது. வெயில் காலத்துல பறவைக்குத் தண்ணி வைக்கணும்னு ஆசைப்பட்டா தாராளமா வைங்க, பால்கனி சுவர் மேல வேண்டாம், தரைத் தளத்துல மரத்தடில வைங்க.

இடத்தை அடைக்கிறது

பால்கனிக்கு வலைதான் பெஸ்ட், இதுல ரெண்டாவது கருத்தே இல்ல. வலைக்காரர் வந்ததும் முதல் கேள்வி வலைக்கண் எவ்வளவுன்னு கேளுங்க. 50 மி.மீ. கண் இருந்தா புறா நுழையாது, மைனாவையும் தடுக்கணும்னா 28ல இருந்து 30 மி.மீ., குருவியையும் சேத்துன்னா 19 மி.மீ. வேணும். எங்க பக்கத்துல மைனாவும் ஜாஸ்திங்கறதால நான் எல்லாருக்கும் 30 பக்கத்துல சொல்றது வழக்கம். ரெண்டாவது கேள்வி வெயில் தாங்குற வலையா, அதாவது யூவி ஸ்டெபிலைஸ்டா. மலிவு நைலான் வலை சென்னை வெயில்ல சீக்கிரமே இத்துப் போய் கையால இழுத்தா நூலா வரும். மூணாவது, ஹூக் எஸ்எஸ்ஸா (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சாதா இரும்பா. ஈசிஆர், கொட்டிவாக்கம், பெசன்ட் நகர் மாதிரி கடல் காத்து அடிக்கிற இடத்துல சாதா ஹூக் ஒரு மழைக்காலத்துலயே துரு வடிச்சு பெயின்ட்டையும் கெடுத்துரும். ரேட் சதுர அடிக்குச் சொல்லுவாங்க, அதுல ஹூக், கயிறு, லேபர் எல்லாம் அடக்கமான்னு கேட்டுட்டு ரெண்டு மூணு பேர்கிட்ட விசாரிங்க.

கட்டும்போது நீங்க பக்கத்துல நில்லுங்க. சுத்தி ஒரு ஓரக் கயிறு, ஒரு அடிக்கு ஒரு ஹூக், வலை விறைப்பா இருக்கணும். தொளதொளன்னு தொங்குற வலைலதான் பறவை காலும் இறக்கையும் மாட்டும். கீழ் ஓரத்துலயும் பைப் போற இடத்துலயும் சந்து விட்டுட்டுப் போவாங்க, அதைச் சுட்டிக் காட்டி அடைக்கச் சொல்லுங்க, புறா தலை நுழையுற இடத்துல உடம்பையும் நெளிச்சு நுழைச்சிரும். ஏசி சர்வீஸுக்கு ஆள் வரணும்னா ஜிப் வெச்சோ கழட்டி மாட்டுற மாதிரியோ ஒரு பக்கம் வேணும், இல்லாட்டி ஏசி மெக்கானிக் கத்தியால ஒரு கிழி கிழிச்சு வேலையை முடிச்சுட்டுப் போயிருவார். முழுசாக் கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடி உள்ள பறவை எதுவும் மாட்டியிருக்கான்னு ஒரு தடவை பாத்துருங்க.

பறவை வலை வேற, குழந்தை விழாம தடுக்குற சேஃப்டி வலை வேற. பறவை வலை குழந்தை சாஞ்சா தாங்காது. வலை இருக்குங்கற தைரியத்துல பால்கனில ஸ்டூல் போட்டு வைக்காதீங்க.

இன்விசிபிள் கிரில்னு எஸ்எஸ் கம்பி கட்டுறாங்களே, அழகா இருக்கும், வருஷக்கணக்குல உழைக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. அதுல கம்பிக்குக் கம்பி 2 இன்ச் கேப் கேளுங்க, 3 இன்ச் வெச்சா ஒல்லிப் புறா புகுந்துரும். எதைப் போட்டாலும் ஒரு பெட்ரூம் ஜன்னலாவது உள்ள இருந்து திறக்குற மாதிரி இருக்கட்டும், தீ விபத்துன்னா வெளிய வர வழி வேணும்.

ஏசி ஸ்லாப்புக்கு வலை கட்ட முடியலைன்னா சந்தை வெல்ட் மெஷ்ஷால, அதாவது கெட்டியான கம்பி வலையால, அடைக்கலாம், ஆனா யூனிட்டோட ஃபேன் பக்கமும் பின்பக்க காயிலும் காத்து போக இடம் விடணும், இல்லாட்டி கம்ப்ரஸர் சூடாகிக் கெட்டுப் போகும். சன்ஷேட் மாதிரி வெறும் விளிம்புல உக்கார்றதைத் தடுக்க முள் ஸ்ட்ரிப் ஒட்டலாம், இல்லாட்டி ஒரு ஷீட்டை 45 டிகிரிக்கு மேல சரிவா வெச்சா கால் வழுக்கும். முள் ஸ்ட்ரிப் உக்காருற இடத்துக்கு மட்டும்தான் சரி, கூடு கட்டுற இடத்துல வெச்சா புறா அந்த முள்ளுக்கு நடுவுலயே குச்சியைச் சொருகி, கூட்டுக்கு நல்ல பிடிமானம் கிடைச்சுதுன்னு கட்டி முடிச்சிரும். அகலமான ஸ்லாப்னா ஒரு வரிசை பத்தாது, ஓரத்துல இருந்து சுவர் வரைக்கும் ரெண்டு மூணு வரிசை வேணும். ஒட்டுறதுக்கு முன்னாடி எச்சத்தைச் சுத்தமா எடுக்காட்டி சிலிக்கான் பிடிக்காது. ரெண்டாவது மாடிக்கு மேல இதெல்லாம் நீங்களே கைப்பிடிச் சுவர்ல ஏறிச் செய்யாதீங்க, பெல்ட் கட்டி வேலை செய்ற ஆளா பாத்துக் கூப்பிடுங்க, பெல்ட் இல்லாம வந்தா திருப்பி அனுப்புங்க.

யாருமே கவனிக்காத இடம் டக்ட். எல்லா பாத்ரூம் வென்டிலேட்டரும் திறக்குறது அதுக்குள்ளதான், அதுல புறா தங்கினா அந்தத் தூள் நேரா எல்லார் வீட்டு பாத்ரூமுக்கும் வரும். ஒருத்தர் வென்டிலேட்டரை மட்டும் அடைச்சா பத்தாது, மொட்டை மாடில டக்ட் வாய்க்கே வலை போடணும், கீழ இருந்து நுழையுற மாதிரி இருந்தா அங்கயும். இது அசோசியேஷன் செலவு, செக்ரட்டரிகிட்ட இதைத்தான் முதல் கோரிக்கையா வைங்க.

2024ல மாடி சோலாருக்கு மானியம் குடுக்குற மத்திய அரசோட சூர்ய கர் திட்டம் வந்த பிறகு மாடிக்கு மாடி சோலார் பேனல் ஆயிடுச்சு, அதுக்கு அடியில நிழல், மேல கூரை, புறாவுக்கு வேற என்ன வேணும். எச்சம் பேனல்ல விழுந்தா கரண்ட் உற்பத்தியும் குறையும். பேனல் ஓரம் பூரா கம்பி மெஷ்ஷைப் பாவாடை மாதிரி சுத்திக் கட்டணும், ஃபிரேம்ல டிரில் போடக்கூடாது, வாரண்டி போயிரும், கிளிப் வெச்சு மாட்டுறவங்களா பாருங்க. தண்ணி டேங்க் மூடி, ஓவர்ஃபிளோ பைப் வாயில சின்ன மெஷ், இது ரெண்டும் அஞ்சு நிமிஷ வேலை.

காசைத் தண்டம் பண்ற சாமான்கள்

அல்ட்ராசோனிக் மெஷின்: மனுஷனுக்குக் கேக்காத சத்தம் போட்டு விரட்டும்னு ஆன்லைன்ல விக்கிறாங்க, புறாவுக்கும் அது கேக்காது. பிளாஸ்டிக் ஆந்தை, கழுகு பொம்மை: முதல் வாரம் பயப்படும், அப்புறம் அது தலை மேலயே உக்காரும். சிடி, பளபள ரிப்பன்: அதே கதைதான், வேற ஏற்பாடு நடக்குற வரைக்கும் நாலு நாள் தள்ளிப் போட உதவும், அவ்வளவுதான். ரசக்கற்பூரம், மிளகாய்த்தூள்: பறவைக்கு உறைக்காது, உங்க வீட்டுக் குழந்தைக்கு ஆபத்து. ஒட்டுற ஜெல்லை நான் முழுசாவே எதிர்க்கிறேன், தூசி படிஞ்சதும் புறாவுக்கு வேலை செய்யாது, தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் ஒட்டிக்கிட்டுத் துடிக்கும்.

அடைச்ச பிறகு முதல் ஒரு ரெண்டு வாரம் பழைய புறாங்க வந்து வலைல மோதும், சுத்திச் சுத்தி வழி தேடும், ஏதாவது சந்து கிடைச்சா உள்ள வந்துரும். இந்த நேரத்துல தினமும் பாத்து ஓட்டையை அடைச்சா தோத்துப் போய் கிளம்பிரும். எங்க போகும்னு கேட்டா பக்கத்து பிளாக்குக்குத்தான், அதனாலதான் மொத்த வளாகமும் ஒரே சமயத்துல செய்யணும்னு சொல்றது. மொத்தமா ஆர்டர் குடுத்தா ரேட்டும் குறையும்.

காக்கா தனி கேஸ்

காக்காவை வலை போட்டு சமாளிக்க முடியாது, தேவையும் இல்ல. அதோட தொல்லை பெரும்பாலும் கோடைலயும் அதுக்கு அடுத்த மாசங்கள்லயும் வரும், ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும்னு வெச்சுக்கலாம், கூட்டுல முட்டையோ குஞ்சோ இருக்கும்போது கீழ போறவங்க தலைல கொத்தும். அது உங்க மேல இருக்குற சாபமும் இல்ல, முன்னோர் கோபமும் இல்ல, பெத்தவங்க பயம். குஞ்சு பறக்க மூணு நாலு வாரம் ஆகும், அதுவரைக்கும் அந்த மரத்தடியைச் சுத்திப் போங்க, முடியாட்டி குடை பிடிச்சுப் போங்க, பின்னாடி இருந்துதான் பாயும்ங்கறதால திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே நடந்தாலும் தயங்கும். கல் எறிஞ்சா முகத்தை ஞாபகம் வெச்சுக்கும். அமெரிக்கால வாஷிங்டன் யுனிவர்சிட்டிக்காரங்க முகமூடி போட்டுக்கிட்டுப் போய் காக்காவைப் பிடிச்சுட்டு விட்டாங்க, வருஷங்கழிச்சும் அந்த முகமூடியைப் பாத்தா கூட்டமா சேந்து கத்துச்சாம். நம்ம ஊர்க் காக்காவும் இதுல சளைச்சதில்லன்னு கல் எறிஞ்ச எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான்.

மரத்துல இருக்குற கூட்டைக் கலைக்கச் சொல்லி வாட்ச்மேனை ஏத்தாதீங்க. அதுல குயில் குஞ்சும் இருக்கலாம், குயில் காக்காக் கூட்டுலதானே முட்டை வைக்கும், காலைல கூவுற குயில் வேணும்னா இந்த நாலு வாரத்தைப் பொறுத்துத்தான் ஆகணும். குஞ்சு போனதும் கிளையைக் கவாத்து பண்ணிக்கலாம். தரைல தத்தித் தத்தி நடக்குற காக்காக் குஞ்சைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டு வராதீங்க, அது பறக்கப் பழகுது, அப்பா அம்மா மேலதான் இருக்கு.

அமாவாசைக்கும் தினப்படிக்கும் காக்காவுக்குச் சாதம் வைக்கிறதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது, சொன்னாலும் யாரும் கேக்கப் போறதில்ல. ஒரு இலைல வைங்க, ஒரு பிடி போதும், அரை மணி நேரம் கழிச்சு மிச்சத்தை எடுத்துருங்க. கைப்பிடிச் சுவர்ல வெறுமன வெச்சுட்டு வந்தா காக்கா தின்னது போக மிச்சத்துக்குப் புறா, எலி எல்லாம் வரும், எலும்பையும் மீன் தலையையும் கவ்விட்டுப் போய் பக்கத்து வீட்டு டேங்குக்குள்ள போடும்.

ஒரே இடத்துல காக்காங்க கூட்டமா செத்துக் கிடந்தா வெறும் கையால தொடாதீங்க, குழந்தைங்களையும் நாயையும் தள்ளி வெச்சுட்டு மாநகராட்சிக்குச் சொல்லுங்க, சென்னைக்கு 1913. 2021 ஜனவரில ராஜஸ்தான்லயும் மத்தியப் பிரதேசத்துலயும் பறவைக் காய்ச்சல் முதல்ல தெரிஞ்சது காக்காச் சாவுலதான்.

மத்த பறவைங்களைச் சீக்கிரம் முடிச்சிரலாம். மைனா ஏசி பைப் ஓட்டைலயும் எக்ஸாஸ்ட் ஓட்டைலயும் புகும், குஞ்சு போனதும் மெஷ் வெச்சு அடைங்க. மீன், கறிக் கவர் எடுத்துட்டு வரும்போது பருந்து பாஞ்சா கவரை மூடின பைக்குள்ள வைங்க. ராத்திரி டக்ட்ல கிறீச்சுன்னு கத்துற வெள்ளை மூஞ்சி ஆந்தை கெட்ட சகுனம் இல்ல, எலி பிடிக்கிற சம்பளமில்லாத வாட்ச்மேன், அது இருக்கட்டும்.

சட்டம், அடிபட்ட பறவை

விஷம் வைக்கிறது, ஏர்கன்னால சுடுறது, கூட்டோட கொளுத்துறது எல்லாம் குற்றம். 1960 பிராணிவதைத் தடுப்புச் சட்டம் இருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 325வது பிரிவும் இருக்கு, விலங்கை விஷம் வெச்சுக் கொன்னா அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். காக்காவைக் கொன்னா கேள்வியே இல்லன்னு சிலர் இன்னும் பழைய கதை சொல்லுவாங்க, 1972 வனவிலங்குச் சட்டத்துல அதைத் தொல்லை உயிரினப் பட்டியல்ல வெச்சிருந்தது உண்மை, 2022ல சட்டத்தைத் திருத்தி 2023 ஏப்ரல் 1ல இருந்து அந்தப் பட்டியலையே எடுத்தாச்சு. மயில் வந்து தோட்டத்தை நாசம் பண்ணினா கை வைக்கவே வைக்காதீங்க, அது அந்தச் சட்டத்துல அதிகப் பாதுகாப்பு இருக்குற முதல் அட்டவணை, வனத்துறைக்குத்தான் போன் போடணும்.

வலைல ஏதாவது பறவை மாட்டிக்கிச்சுன்னா அதைப் பிடிச்சு இழுக்காதீங்க. ஒரு துண்டை மேல போட்டு மூடுங்க, தலை மறைஞ்சா அடங்கிரும், அப்புறம் உள்பக்கம் இருந்து சின்னக் கத்தரிக்கோலால வலையை வெட்டி விடுங்க, காலைச் சுத்தின நூலையும் எடுத்துருங்க, அது தெரியாம விட்டா கால் அழுகிரும். பறக்க முடியலைன்னா காத்து போற ஓட்டை போட்ட அட்டைப் பெட்டில இருட்டா வைங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க, பால் சோறு வேண்டாம். சென்னைல கிண்டி பக்கம் புளூ கிராஸ் இருக்கு, 1959ல இருந்து செயல்படுறாங்க, அடையார்ல தியசாபிகல் சொசைட்டி வளாகத்துல பெசன்ட் மெமோரியல் அனிமல் டிஸ்பென்சரி இருக்கு, போன் பண்ணிக் கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க. வெட்டின ஓட்டையை அன்னிக்கே தைச்சிருங்க, வெளிய ஒரு ஜோடி அதைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும்.